மனநல வார்டில் சர்க்கரை நோயாளியைக் கவனிக்கும் செவிலியருக்கு எது பெரிய சவால்?

இன்சுலின் போட்ட பிறகு அவர் சாப்பிடுவாரா என்பதுதான்.

மனநலப் பிரிவில் நான் வேலைக்குச் சேர்ந்த புதிது. காலையில் வழக்கம்போல, உணவுக்கு அரை மணி நேரம் முன்பு ஒரு பெரியவருக்கு 'ரெகுலர்' என்ற, சற்று மெதுவாக வேலை செய்யத் தொடங்கும் வகை இன்சுலினைப் போட்டுவிட்டு அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டேன். இட்லி வந்ததும் தட்டைத் தள்ளிவிட்டார். அதில் விஷம் இருப்பதாக அவர் காதில் ஒரு குரல் சொல்லியிருந்தது. சற்று நேரத்தில் அட்டெண்டரை அடிக்கக் கை ஓங்கினார். நோய் முற்றிவிட்டது என்றே எல்லோரும் நினைத்தோம். தூக்க ஊசிகூடத் தயாரானது. மூத்த சிஸ்டர் ஒருவர்தான் அவர் நெற்றியைத் தொட்டார். சில்லென்று வியர்வை. விரலில் குத்திப் பார்த்தால் சர்க்கரை வெறும் 48. 70-க்குக் கீழே போனாலே குறைவுதான். ஊசி போட்டும் சாப்பிடாததால் வந்த வினை அது.

மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்து, முதலில் தான் அண்ணாந்து ஒரு வாய் குடித்துக் காட்டிவிட்டுக் கொடுத்தார் அந்தச் சிஸ்டர். பெரியவரும் குடித்தார். 15 நிமிடம் கழித்து மறுபடி பார்த்தபோது 70-ஐத் தாண்டியிருந்தது. பிறகு தோல் உரிக்காத வாழைப்பழம், ஓட்டோடு அவித்த முட்டை. யாரும் உள்ளே எதையும் கலந்திருக்க முடியாது அல்லவா!

அன்றிலிருந்து, யாராவது திடீரென்று முரண்டு பிடித்தால் என் கை முதலில் குளுக்கோமீட்டரைத்தான் தேடும். கை நடுக்கத்துக்காகப் புரோப்ரனலால் சாப்பிடுகிறவர்களிடம் இன்னும் கவனம் வேண்டும். சர்க்கரை இறங்கும்போது வரவேண்டிய நடுக்கமும் படபடப்பும் அந்த மாத்திரையால் வெளியே தெரியாமல் போகலாம், வியர்வைதான் காட்டிக்கொடுக்கும். மனநிலை ஏற்ற இறக்கத்துக்குக் கொடுக்கும் லித்தியம் வேறு விதமாகக் குழப்பும். அடிக்கடி தாகமும் சிறுநீரும் அந்த மருந்தாலா, சர்க்கரை ஏறியதாலா என்பது பரிசோதித்தால்தான் தெரியும்.

"வாயைக் கட்டத் தெரியாதா?" என்று நோயாளிகளைத் திட்டும் உறவினர்களைக் கண்டால் எனக்குக் கோபம் வரும். ஓலன்சபின், குளோசபின் போன்ற மனநோய் மருந்துகள் பசியைக் கிளப்பும், எடையைக் கூட்டும், சர்க்கரையையும் ஏற்றும். திட்டிவிட்டு, போகும்போது பிஸ்கட் பொட்டலத்தைத் தலையணைக்கடியில் வைத்துவிட்டுப் போவதும் அவர்களேதான்.

கால்களையும் நாங்கள்தான் பார்க்க வேண்டும், விரல் இடுக்கு உட்பட. புண் இருந்தாலும் பலர் சொல்லமாட்டார்கள்.

அந்தப் பெரியவருக்கு மருத்துவர் பிறகு இன்சுலினை மாற்றினார். வேகமாக வேலை செய்யும் வகை அது. தட்டு காலியானதைக் கண்ணால் பார்த்த உடனே போடுவேன். வீடு திரும்பும்வரை வாழைப்பழத்தை அவரேதான் உரித்தார். நான் உரித்துக் கொடுத்ததை ஒரு நாளும் வாங்கவில்லை.