உப்புக்கண்டம், டின் இறைச்சி, சொசேஜ்: கேட்டவர்களுக்கு என் பதில்கள்

பெருநாள் முடிந்து குர்பான் இறைச்சி வீட்டில் குவிந்திருக்கிற நேரம். இறைச்சி பதனிடுவதும் அதைப் பரிசோதிப்பதுமே என் தொழிலாக இருந்ததால், இலங்கையின் கிழக்குக் கரையில் வாழைச்சேனையிலிருந்து பொத்துவில் வரை நிறையப் பேர் கேள்வி அனுப்பியிருந்தீர்கள். தெரிந்தவற்றுக்குப் பதில் எழுதுகிறேன். எந்தக் கடை நல்லது, கிலோ என்ன விலை என்பதை என்னிடம் கேட்கவேண்டாம்.

காத்தான்குடி: உப்புக்கண்டம் போட ஒரு கிலோவுக்கு எவ்வளவு உப்பு? போன வருஷம் 30 கிராம் போட்டு மூன்று நாள் வெயிலில் வைத்தும் உள்ளே நாற்றம் வந்துவிட்டது.

தங்கச்சி, உப்பு போதும், காய்ச்சல்தான் போதவில்லை. பச்சை மாட்டிறைச்சியில் முக்கால் பங்கு தண்ணீர், அதாவது கிலோவுக்கு 750 கிராம். நீங்கள் போட்ட 30 கிராம் உப்பு அந்தத் தண்ணீரில் கரையும்போது 4 சதவீதம்கூட வராது, அது கிருமிக்குப் பெரிய தடையே இல்லை. அதே இறைச்சி காய்ந்து உப்போடு சேர்த்து 400 கிராமுக்கு இறங்கினால் உள்ளே மிஞ்சுவது 120 கிராம் தண்ணீர்தான், அப்போது அதே 30 கிராம் உப்பு 20 சதவீதத்துக்குக் கிட்ட வந்துவிடும். அந்த உறைப்பில்தான் கிருமி அடங்கும். அதனால் காயப்போட முன் நிறுத்து எழுதிவையுங்கள், காய்ந்த பிறகும் நிறுத்துப் பாருங்கள். பாதிக்குத்தான் இறங்கியிருக்கிறது என்றால் வேலை முடியவில்லை.

அடுத்தது துண்டின் கனம். விரல் தடிப்பில் வெட்டி உச்சி வெயிலில் தகரத்தின் மேல் பரப்பினால் வெளிப்பக்கம் சீக்கிரம் பொருக்குக் கட்டிவிடும், உள்ளே இருக்கிற ஈரம் வெளியே வர வழியில்லாமல் நின்றுவிடும். மேலே தொட்டால் காய்ந்த தோல் மாதிரி இருக்கும், நடுவில் பச்சை இறைச்சி. உங்கள் வீட்டில் நடந்தது இதுவாகத்தான் இருக்கும். அரை சென்டிமீட்டருக்கு மேல் போகாமல் நீளக் கீற்றாக வெட்டுங்கள், கொழுப்பை வழித்து எறியுங்கள் (கொழுப்புக் காயாது, காறல் அடிக்கும்), பரப்பாமல் கயிற்றில் தொங்கவிடுங்கள். நெல்லுக்குக் காய்ச்சல் பார்க்கப் பல்லால் கடித்துப் பார்ப்பதுபோல இதற்கும் ஒரு சோதனை உண்டு. இருப்பதிலேயே கனமான துண்டை எடுத்துக் குறுக்கே வெட்டி, வெட்டுமுகத்தை டிஷ்யூப் பேப்பரில் அழுத்துங்கள். ஈரக்கறை பட்டாலோ, நடுவில் சிவப்பாக மினுங்கினாலோ திரும்பவும் கொடியில் ஏற்றுங்கள்.

காயப்போட முன் உப்புத் தண்ணீரில் ஒரு கொதி கொதிக்கவிட்டு எடுப்பது இன்னும் நல்லது. நடுவில் 71 பாகை செல்சியஸ் சூடு ஏறினால் சல்மொனெல்லா, ஈ கோலை போன்றவை அப்போதே செத்துவிடும். வெயில் சூட்டுக்கு அந்த வேலை முடியாது. பொழுது பட்டதும் உள்ளே எடுங்கள், இரவுப் பனியில் விட்டால் பகலில் போன ஈரம் திரும்பி வரும். ஈக்கு வலை கட்டுங்கள். கொசு மருந்து அடிக்கிற ஆட்களையும் எனக்குத் தெரியும், தயவுசெய்து அதைச் செய்யவேண்டாம், அந்த மருந்தைச் சாப்பிடப்போவது உங்கள் பிள்ளைகள்தான்.

ஏறாவூர்: காய்ந்த இறைச்சியில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. எறியவா?

ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டுப் பாருங்கள். கரைந்து மறைந்தால் உப்பு. பஞ்சு மாதிரி நின்றால் பூஞ்சணம், எறியுங்கள். பச்சை, கறுப்பு என்றால் பார்க்கவே தேவையில்லை. துடைத்துவிட்டு வெயிலில் போட்டால் சரிவரும் என்று நினைக்காதீர்கள், பூஞ்சணத்தின் வேர் உள்ளே இருக்கும்.

களுவாஞ்சிகுடி: அண்ணா, கோர்ன்ட் பீஃப் டின் நெளிந்திருந்தால் வாங்கலாமா? கடைக்காரர் ஒன்றும் ஆகாது என்கிறார்.

எங்கே நெளிந்திருக்கிறது என்று பாருங்கள் தம்பி. நடுப்பக்கத்தில் இலேசான நெளிவு என்றால் பயமில்லை. மேல்விளிம்பு, அடிவிளிம்பு, பக்கத்து ஒட்டு என்று பொருத்துள்ள இடத்தில் நெளிந்திருந்தால் வேண்டாம். ஊதியிருந்தால், திறக்கும்போது சீறினால், துருவைச் சுரண்டும்போது ஓட்டை தெரிந்தால் நாய்க்கும் போடவேண்டாம்.

காரணம் இதுதான். டின்னை மூடிய பிறகு 121 பாகைச் சூட்டில் வைத்துத்தான் உள்ளே இருப்பதைக் கொல்கிறார்கள். அதன் பிறகு டின்னைக் காப்பது அந்தப் பொருத்து மட்டும்தான். 1964 இல் ஸ்கொட்லாந்தின் அபர்டீன் நகரத்தில் 400 பேருக்கு மேல் தைபோயிட் வந்து ஆஸ்பத்திரியில் கிடந்தார்கள். தேடிப் போனால், ஆர்ஜென்டினாவில் செய்த ஒரு கோர்ன்ட் பீஃப் டின்னில் போய் நின்றது. சூடாக்கியதில் குறையில்லை, சூடான டின்னைக் குளிரவைக்கக் குளோரின் போடாத ஆற்றுத் தண்ணீரைப் பாவித்திருக்கிறார்கள், டின் குளிரும்போது பொருத்தில் இருந்த நுண்ணிய வெடிப்பால் அந்தத் தண்ணீர் உள்ளே போய்விட்டது. அபர்டீன் கடையில் அதை வெட்டிய இயந்திரத்திலேயே மற்ற இறைச்சிகளையும் வெட்டியதால் எல்லாவற்றுக்கும் தொற்றியது. ஒரு டின்னின் பொருத்து இவ்வளவு தூரம் கொண்டுபோகும் என்பதால்தான் கடைக்காரரின் வார்த்தையைவிட விளிம்பைப் பாருங்கள் என்கிறேன். திறந்த பிறகு மீதியை வேறு பாத்திரத்துக்கு மாற்றி ஃப்ரிட்ஜில் வைத்து மூன்று நாளுக்குள் முடியுங்கள்.

ஒலுவில் கெம்பஸ்: உம்மா பொரித்துத் தருகிற உப்புக்கண்டத்தை ஹொஸ்டலில் எத்தனை நாள் வைக்கலாம்?

பொரிக்காமல் காய்ந்தபடியே கொண்டுபோங்கள், காற்றுப்புகாத போத்தலில் ஒரு மாதம் தாராளம். தேவையான அளவு எடுத்துப் பொரியுங்கள். பொரித்தது எண்ணெய்க் காறல் அடிக்கும்.

சாய்ந்தமருது: இவ்வளவு கணக்கு எதுக்கு? மஞ்சள் பூசினால் போதும், ஒரு கிருமியும் வராது. எங்கள் மூத்தம்மா அப்படித்தான் செய்தா, யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை.

காக்கா, உங்கள் மூத்தம்மா மஞ்சள் மட்டுமா பூசினா? கச்சான் வீசுகிற நாளில் மெல்லிசாக வெட்டி, உப்புப் பிசறி, காயவைத்து, மிச்சத்தை அடுப்புக்கு மேலே புகையில் தொங்கவிட்டு, கடைசியில் கொதிநீரில் ஊறவைத்துக் கழுவிப் பொரித்தா. காற்றும் உப்பும் புகையும் நெருப்பும் செய்த வேலைக்கு மஞ்சளுக்கு மட்டும் பேர் கிடைத்திருக்கிறது. ஆய்வுகூடத்தில் மஞ்சளின் குர்குமின் சில பற்றீரியாக்களை அடக்குவது உண்மை, ஆனால் அது தண்ணீரில் சரியாகக் கரையாது, மேலே பூசினால் மேலேயே நிற்கும்.

மருதமுனை: சாய்ந்தமருதுக்காரர் சொல்வது சரி, நாங்களும் மஞ்சள்தான். மழைக்காலத்திலும் போட்டிருக்கிறோம்.

ஏறாவூர், இன்னொருவர்: மஞ்சளைவிடக் கொறுக்காய் நல்லது. மீனுக்குப் போடுகிறோமே.

இரண்டு பேருக்கும் சேர்த்துச் சொல்கிறேன். கொறுக்காய் சொன்னவர் உண்மைக்குக் கிட்ட நிற்கிறார், ஏனென்றால் புளிப்பு உண்மையான தடை. புளிப்பை அளக்கிற பிஎச் எண் (குறையக் குறையப் புளிப்புக் கூடும்) 4.6 க்குக் கீழே போனால், நரம்பைச் செயலிழக்கவைக்கும் நஞ்சைக் கக்குகிற பொட்டுலினம் என்ற கிருமி வளராது. ஆனால் அந்தப் புளிப்பு துண்டின் நடுவரை இறங்கவேண்டும், கனத்த இறைச்சியில் மேலே தடவிய கொறுக்காய் அப்படி இறங்காது. மருதமுனைத் தம்பி மழைக்காலம் என்றதுதான் எனக்குப் பயம். பெருநாள் வருஷத்துக்குப் பதினொரு நாள் அளவில் முன்னால் நகர்கிறது. 2006 இல் அது ஜனவரியில், நல்ல மாரிக்குள் வந்தது, இனியும் அப்படி வரும். அந்த ஈரக்காற்றில் மஞ்சளை நம்பி இறைச்சியைத் தொங்கவிட்டால் காய முதல் அழுகும். மாரியில் அடுப்புப் புகை, இல்லாவிட்டால் ஒவன் அடுப்பு, அதுவும் இல்லாவிட்டால் ஃப்ரீசர். மஞ்சள் போடுங்கள், நிறமும் மணமும் நன்றாக இருக்கும், நானும் போடுகிறேன். உப்பையும் காய்ச்சலையும் அதற்காகக் குறைக்காதீர்கள்.

சாய்ந்தமருது, மீண்டும்: அப்ப எங்கள் பெரியவர்கள் சொன்னது பிழையா?

அவர்கள் செய்தது முழுக்கச் சரி காக்கா. நாம்தான் பாதியை விட்டுவிட்டு மீதியைச் செய்கிறோம். மஞ்சள் பற்றி இதற்குமேல் வந்த ஏழெட்டுக் கேள்விக்கும் இதுதான் பதில்.

அக்கரைப்பற்று: இறைச்சி சிவப்பாக நிற்க வெடியுப்புப் போடலாமா? பிங்க் சோல்ட்டும் சொல்கிறார்கள்.

வீட்டில் வேண்டவே வேண்டாம். இதைக் கொஞ்சம் கவனமாக வாசியுங்கள். பிங்க் சோல்ட் என்ற பேரில் இரண்டு சாமான் இருக்கிறது. ஒன்று கறிக்குப் போடுகிற இந்துப்பு, அதில் இறைச்சியைக் காக்கிற விசேஷம் எதுவும் இல்லை. மற்றது தொழிற்சாலைக்கு உரியது, 6.25 சதவீதம் சோடியம் நைத்திரைற்றுக் கலந்தது, சாதாரண உப்பென்று யாரும் எடுத்துவிடக்கூடாது என்பதற்காகவே நிறம் ஏற்றியிருப்பார்கள். அது கிலோவுக்கு இரண்டரை கிராம்தான் போகும். கைப்பிடிக் கணக்கில் போட்டால் இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோக முடியாமல் உதடு நீலம் பாரிக்கும், உயிரே போகலாம். வெடியுப்பு நைத்திரேற்று, அதில் எவ்வளவு நைத்திரைற்றாக மாறும் என்று வீட்டில் யாராலும் அளக்கமுடியாது. சிவப்பு நிறம் தரத்துக்கு அடையாளமும் இல்லை, நன்றாகக் காய்ந்த இறைச்சி கறுத்துத்தான் இருக்கும்.

ஓட்டமாவடி: மணம் நல்லாத்தான் இருக்கிறது. சாப்பிடலாமா?

இதையே வேறு வேறு ஊரிலிருந்து எத்தனையோ பேர் கேட்டுவிட்டீர்கள். மணத்தை நம்பாதீர்கள். கையிலிருந்தும் மூக்கிலிருந்தும் ஒட்டுகிற ஸ்டஃபிலோகொக்கஸ் உப்பையும் தாங்கும், அது கக்குகிற நஞ்சுக்கு மணமும் இல்லை, கொதிக்கவைத்தாலும் போகாது. அரைகுறையாகக் காய்ந்தது ஒரு பகல் வெளியே கிடந்தால் எறியுங்கள்.

சம்மாந்துறை: கரண்ட் போனால் ஃப்ரீசர் இறைச்சி எவ்வளவு நேரம் தாங்கும்?

திறக்காமல் விட்டால், நிறைய இருந்தால் இரண்டு நாள், பாதி இருந்தால் ஒரு நாள். 2022 இல் 13 மணித்தியாலம் வரை கரண்ட் இல்லாமல் இருந்தபோது பலர் பழுதாக்கியது அடிக்கடி திறந்து பார்த்துத்தான். கையில் ஐஸ் பொருக்குத் தட்டுப்பட்டால் திரும்ப உறையவைக்கலாம்.

மட்டக்களப்பு டவுன்: சொசேஜ் சாப்பிட்டால் புற்றுநோய் வருமா?

உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு அமைப்பு 2015 இல் பதனிட்ட இறைச்சியை முதலாம் பிரிவில், அதாவது மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் என்று உறுதியானவற்றில், போட்டது. நாளாந்தம் 50 கிராம் சாப்பிட்டுவந்தால் பெருங்குடல் புற்றுநோய் ஆபத்து ஏறத்தாழ 18 சதவீதம் கூடும் என்பது அவர்கள் கணக்கு. மாதத்தில் ஒரு நாள் என்றால் பயப்படவேண்டாம், பிள்ளையின் லஞ்ச் பொக்ஸில் தினமும் வைப்பதை நிறுத்துங்கள். வாங்கும்போது பைக்கற்றுக்குள் ஐஸ் கட்டி சேர்ந்திருந்தால் அது ஒருமுறை உருகி மறுபடி உறைந்தது, விட்டுவிடுங்கள். கர்ப்பிணிகள் ஆவி பறக்கச் சூடாக்காமல் சாப்பிடக்கூடாது.

நிந்தவூர்: லம்பி ஸ்கின் (தோலில் கட்டி கட்டியாக வருகிற மாட்டு நோய்) வந்த மாட்டின் இறைச்சியைச் சாப்பிடலாமா?

அந்த நோய் மனிதருக்குத் தொற்றாது. ஆனால் நோயாளி மாட்டை அறுப்பதே பிழை. மடுவத்தில் பரிசோதித்து அறுத்ததை மட்டும் வாங்குங்கள்.

பொத்துவில்: இத்தாலியில் இருக்கிற மகனுக்கு அனுப்பலாமா?

ஐரோப்பிய ஒன்றியம் வெளிநாட்டு இறைச்சியைத் தனியாள் கொண்டுபோக விடாது. பறித்துவிடுவார்கள்.

மூன்று பேர்: இந்தந்த டின் ஹலாலா?

மௌலவியிடம் கேளுங்கள்.

காத்தான்குடி, இன்னொரு தங்கச்சி: நான் இறைச்சியைப் பொரித்து எண்ணெயில் போட்டுப் போத்தலில் விற்கிறேன். ஆறு மாதம் இருக்கும் என்று லேபலில் போடலாமா?

போடாதீர்கள். பொட்டுலினம் வளரக் காற்று இல்லாத இடம் வேண்டும், எண்ணெய்க்கு அடியில் கிடக்கிற ஈர இறைச்சி அதற்கு அப்படியே பொருந்தும். அதன் வித்துகள் கொதிநீரிலும் சாகாது, போத்தலை வீட்டில் அவிப்பதால் பாதுகாப்புக் கிடைத்துவிடாது. வினாகிரியில் நன்றாக ஊறிப் புளிப்பு ஏறியிருக்கவேண்டும், அதை நாக்கால் அல்ல, பிஎச் அளந்து தெரிந்துகொள்ளவேண்டும். அளக்கும்வரை சிறு போத்தலில், ஃப்ரிட்ஜில் வைத்து ஒரு கிழமைக்குள் முடிக்கச் சொல்லி விற்றுக்கொள்ளுங்கள். 1980 ஆம் ஆண்டின் 26 ஆம் இலக்க உணவுச் சட்டத்தின் கீழ் லேபலுக்கு விதிகள் இருக்கின்றன, உங்கள் பிரிவுப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரிடம் (பி.எச்.ஐ.) முதலே பேசுங்கள். ஏற்கனவே வாங்கியவர்கள் யாராவது கண் இரட்டையாகத் தெரிகிறது, இமை விழுகிறது, பேச்சுக் குழறுகிறது, விழுங்க முடியவில்லை என்றால் கைமருந்து பார்க்காமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லுங்கள், போத்தலையும் கொண்டுபோகச் சொல்லுங்கள்.