இலங்கையின் சிவனொளிபாதமலை ஏறுவதற்கு முதல் நாள் இரவு, அடிவார ஊரான நல்லதண்ணியில் தங்க வேண்டுமா?

தங்குங்கள். அட்டனில் ரயிலை விட்டு இறங்கி, மஸ்கெலியா வழியாக பஸ்ஸில் நல்லதண்ணிக்கு வருவதற்குள் உடம்பு அலுத்துவிடும். அதே அலுப்போடு 2,243 மீட்டர் உயர மலையில் ஏறத் தொடங்குவது வீண் பிடிவாதம்.

அறைகள் பெரும்பாலும் எளிமையானவை. சுடுநீர் உண்டா என்று காசு கொடுக்கும் முன்பே கேளுங்கள்; கம்பளியையும் தொட்டுப் பாருங்கள், மலைக்குளிர் பொல்லாதது. சூரிய உதயம் காணப் போகிறவர்கள் அதிகாலை 2 மணியளவில் கிளம்புவார்கள். அந்தச் சத்தத்தில் யாராலும் தூங்க முடியாது. ஆகவே மாலையிலேயே சாப்பிட்டுப் படுத்துவிடுங்கள்.

டிசம்பர் போயா (பௌர்ணமி) முதல் மே மாத வெசாக் பௌர்ணமி வரை மலையேறும் பருவகாலம். போயா நாட்களிலும் வார இறுதிகளிலும் முன்பதிவு இல்லாமல் போகாதீர்கள். மற்ற மாதங்களில் அறை எளிதாகக் கிடைக்கும், ஆனால் வழியில் பிளேன்டீ (பால் சேர்க்காத தேநீர்) விற்கும் கடைகள் பெரும்பாலும் மூடியிருக்கும். கைவிளக்கும் மழைக்கோட்டும் அப்போது கட்டாயம்.