விறகடுப்பு: பெரிதா, சிறிதா?

கேள்வி: ரொறன்ரோவை விட்டு பீட்டர்பரோ பக்கம் மாறிவிட்டோம். மேல்மாடி இல்லாத வீடு, 1,400 சதுர அடி. வீட்டைச் சூடாக்கும் ஃபர்னஸ் புரொப்பேன் வாயுவில் ஓடுகிறது, வெந்நீருக்கு மின்சாரம். போன சனவரியில் மட்டும் 500 லீற்றர் புரொப்பேன் போனது, அதனால் ஒரு விறகடுப்பு வைக்கலாம் என்று பார்க்கிறோம். கடையில் மணிக்கு 70,000 பி.ரி.யு (சூட்டை அளக்கும் அலகு) தரும் அடுப்பைக் காட்டி, "பெரிதாக வாங்குங்கள், சூடு கூடினால் குறைத்து எரிக்கலாம்" என்கிறார்கள். என் மனைவி சின்னது போதும் என்கிறார். யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் மனைவி.

குறைத்து எரிக்கலாம் என்று கடையில் சொன்னது கேஸ் அடுப்புக்குப் பொருந்தும். விறகடுப்பில் நீங்கள் குறைப்பது காற்றை. உள்ளே விறகு அப்படியே கிடக்கும், காற்று போதாமல் சுவாலை படுத்துவிடும், எரிய வேண்டிய வாயு எல்லாம் புகையாக மேலே போய்க் குளிர்ந்த குழாயில் கிரியோசோட் என்ற, தீப்பற்றக்கூடிய தாராகப் படியும். நான் இதைக் காசு கொடுத்துக் கற்றவன். என் முதல் அடுப்பில் விறகு போடும் இடம் மூன்று கன அடிக்கு மேல், அதுவும் உங்கள் வீட்டைவிடச் சின்ன வீட்டில். கூடத்தில் 30 பாகை, வெளியே பனி கொட்டுகிறது, நாங்கள் யன்னலைத் திறந்துவிட்டு பெனியனோடு இருக்கிறோம். அதே நேரம் கடைசி அறையில் அம்மா இரண்டு கம்பளி போர்த்திக்கொண்டு படுத்திருக்கிறார். சரி என்று காற்றை அடைத்து அடைத்து எரித்தோம். வசந்தத்தில் புகைபோக்கி துடைக்க வந்தவர் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார்: குழாயின் உட்புறம் முழுக்க விரல் தடிப்புக்குக் கறுப்பாக மினுங்கும் தார், சுரண்டினால் கண்ணாடிச் சில்லு போல உடைந்து விழுகிறது. அது பற்றினால் குழாய்க்குள் 1,000 பாகையைத் தாண்டும் என்று அவர் சாதாரணமாகச் சொன்னார். அன்று இரவு எனக்குத் தூக்கமில்லை.

இனி கணக்குக்கு வருவோம், அது உங்கள் பில்லிலேயே இருக்கிறது. ஒரு லீற்றர் புரொப்பேனில் ஏறக்குறைய 24,000 பி.ரி.யு. 500 லீற்றருக்கு 1 கோடியே 20 இலட்சம். ஃபர்னஸ் அதில் நூற்றுக்கு 90 பங்கை வீட்டுக்குள் கொடுக்கிறது என்று வைத்தால் 1 கோடியே 8 இலட்சம். சனவரியின் 744 மணித்தியாலத்தால் வகுத்துப் பாருங்கள், மணிக்கு 14,500 சொச்சம்தான். மைனஸ் 25-க்கு இறங்கும் இரவில் 23,000 வரை போகலாம். இதற்கு எதற்கு ஐயா 70,000?

அந்த 70,000 அடுப்பு உச்சத்தில் கொழுந்துவிட்டு எரியும் கொஞ்ச நேரத்துக்கான எண். இரவு பத்து மணிக்கு நிரப்பிவிட்டுப் படுப்பவருக்கு அது உதவாது. அவர் பார்க்க வேண்டியது உள்ளே எத்தனை கன அடி என்பதை. காய்ந்த விறகு கன அடிக்குச் சுமார் 10 இறாத்தல் கொள்ளும், இறாத்தலுக்கு வீட்டுக்குள் சேரும் சூடு 5,000 பி.ரி.யு அளவில். அப்படியானால் இரண்டு கன அடி அடுப்பை ஒருமுறை நிரப்பினால் ஒரு இலட்சம். எட்டு மணித்தியாலத்துக்குப் பிரித்தால் மணிக்கு 12,500. உங்கள் சராசரித் தேவைக்கு அது கிட்டத்தட்டப் போதும். மிகக் குளிரான இரவில் மிச்சத்தை ஃபர்னஸ் பார்த்துக்கொள்ளும், அதைக் கழற்றி எறியவா போகிறீர்கள்? நானாக இருந்தால் 2 முதல் 2.3 கன அடிக்குள் ஒன்றை எடுப்பேன். பழைய வீடு, சுவரில் வெப்பக் காப்பு இல்லை, யன்னலால் காற்று வருகிறது என்றால் முதலில் அந்த ஓட்டைகளை அடையுங்கள், அப்புறம் அடுப்பு.

எங்கே வைப்பது என்பதும் அளவுக்குச் சமமான விஷயம். நீங்கள் அதிகம் இருக்கும் அறையில் வையுங்கள். நிலக்கீழ் அறையில், அதுவும் வெறும் கொங்கிறீற் சுவராக இருந்தால், பாதிச் சூட்டைச் சுவரே குடித்துவிடும். தூரத்து அறைக்குச் சூடு போகவில்லையென்றால் அந்த அறை வாசலில், தரையில், ஒரு சின்ன மின்விசிறியை அடுப்பைப் பார்த்து வையுங்கள். தலைகீழாகத் தெரியும், ஆனால் கீழே கிடக்கும் குளிர்காற்றைத் தள்ளிவிட்டால் மேலால் சூடு தானாக வந்து சேரும்.

வாங்குவதற்கு முன் காப்புறுதிக்காரரோடு கதைத்துவிடுங்கள். ஒன்ராறியோவில் பெரும்பாலும் வெட் (WETT) என்ற விறகடுப்புப் பயிற்சிச் சான்று பெற்றவரின் சோதனை அறிக்கை கேட்பார்கள். காபன் மொனொக்சைட் அலாரம் கட்டாயம்.

கேள்வி: ஒரு கார்ட் என்று சொல்லித்தான் விறகு வாங்கினேன். பக்கத்து வீட்டுக்காரர் குவியலைப் பார்த்துவிட்டு இது கார்ட்டே இல்லை என்கிறார். ஏமாந்துவிட்டேனா?

பதில்: உங்களுக்கு வந்தது ஃபேஸ் கார்ட் என்று நினைக்கிறேன். முழு கார்ட் 4 அடி உயரம், 4 அடி அகலம், 8 அடி நீளம், அதாவது 128 கன அடி. ஃபேஸ் கார்ட்டில் உயரமும் நீளமும் அதேதான், அகலம் மட்டும் ஒரு விறகுத் துண்டின் நீளம். துண்டு 16 அங்குலம் என்றால் மூன்றில் ஒரு பங்கு. அடுத்த முறை விலை பேசும்போது கன அடியில் கேளுங்கள். ஓக் என்றால் இரண்டு வருடமாவது காய வேண்டும். ஈரமானி வாங்கி, துண்டைப் புதிதாகப் பிளந்து உள்பக்கத்தில் குத்திப் பாருங்கள். ஈரம் நூற்றுக்கு 20-க்கு மேல் காட்டினால் அந்த விறகு அடுத்த குளிருக்கு.