எந்த மேட்டில் இறங்கினீர்கள்?

அன்புள்ள அக்கா,

திருச்சியில் வேலை பார்க்கிறேன். ஒரு வருடமாக ரோடு பைக் ஓட்டுகிறேன். வரும் ஜனவரியில் 200 கிலோமீட்டர் பிரெவே (நேரக் கெடுவுக்குள் முடிக்க வேண்டிய நெடுந்தூர சைக்கிள் ஓட்டம்) ஒன்றை முடிக்க ஆசை. ஆடி மாதம் நண்பர்களோடு விராலிமலை, இலுப்பூர், அன்னவாசல் வழியாகப் புதுக்கோட்டை போய் அதே வழியில் திரும்பினேன். திரும்பும்போது அன்னவாசல் பக்கம் ஒரு மேட்டில் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டது. இறங்கித் தள்ளினேன். ஒருவன் அதை வீடியோ எடுத்துக் குழுவில் போட்டுவிட்டான். இன்னும் அவமானமாக இருக்கிறது. மேடு குறைந்த, வண்டி நடமாட்டம் இல்லாத வழி உங்கள் ஊர்ப் பக்கம் உண்டா? கிராமத்தில் இப்போது யாரும் சைக்கிள் ஓட்டாததால் ரோடு முழுக்க நமக்கே கிடைக்கிறது, அது ஒன்றுதான் நிம்மதி. சராசரி வேகம் மணிக்கு 24 கிலோமீட்டரைத் தாண்ட மாட்டேன் என்கிறது. கியர் செட்டை மாற்றலாமா?

வி., திருச்சி

அன்புள்ள தம்பிக்கு,

கியரை முதலில் முடித்துவிடுகிறேன். பல் சக்கரங்களில் முன்னால் 50/34 பல், பின்னால் 11-32 பல் இருந்தால் புதுக்கோட்டை மாவட்டத்தில் எந்தச் சாலைக்கும் போதும். காசை டயரில் போடுங்கள், 28 மில்லிமீட்டர் அகலம். சீமைக்கருவேல முள் எங்கள் பக்கத்துச் சாலையோரமெல்லாம் கிடக்கிறது, இரண்டு டியூப் கட்டாயம். உங்கள் டியூபில் இருப்பது பிரெஸ்டா என்கிற ஒல்லி வால்வு. ஊர்க் கடைப் பம்பு அதில் பிடிக்காது, ஒரு அடாப்டரைப் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

சராசரி வேகம். 200 கிலோமீட்டருக்கு உங்களுக்குக் கொடுப்பது பதின்மூன்றரை மணி நேரம். மணிக்கு 15-க்கும் கீழே. நீங்கள் 24-இல் போனால் எட்டரை மணி நேரத்தில் முடிந்துவிடும். ஐந்து மணி நேரம் கையில் மிச்சம் வைத்துக்கொண்டு எதற்கு இந்தக் கவலை? ஒரு மேட்டைத் தள்ளிக் கடக்க ஐந்து நிமிடம் ஆகுமா? சொந்த உடம்பின் பலத்தில் போய்ச் சேர வேண்டும் என்பதுதான் விதி. இறங்கக் கூடாது என்று எங்கும் இல்லை. இந்த ஓட்டங்களுக்கெல்லாம் தாய் பாரிஸ்–பிரெஸ்ட்–பாரிஸ். 1891-இல் முதலில் நடந்தது. இப்போது நாலு வருடத்துக்கு ஒருமுறை, 1,200 கிலோமீட்டர், அதிகபட்சம் 90 மணி நேரம். பிரான்ஸின் பிரிட்டனிப் பகுதி மேடு பள்ளங்களில் வருகிறவர்களுக்காகக் கிராமத்து ஜனங்கள் வாசலில் மேசை போட்டுக் காபி கொடுக்கிறார்கள். அலுத்தவர்கள் ரோட்டோரப் புல்லில் படுத்துத் தூங்குகிறார்கள். அவர்களை யாரும் கேலி செய்வதில்லை. உங்களை வீடியோ எடுத்தவனுக்கு வண்டி ஓட்டத் தெரியும், பயணம் போகத் தெரியாது.

உங்கள் கால் ஏன் பிடித்தது என்று நான் சொல்கிறேன். எங்கள் மாவட்டத்தின் வாட்டம் வடமேற்கிலிருந்து தென்கிழக்கே, கடலைப் பார்த்து. போகும்போது உங்களுக்கு நிலமும் இறக்கம், ஆடிக்காற்றும் முதுகில். ரெக்கை முளைத்த மாதிரி இருந்திருக்கும். திரும்பும்போது நிலம் ஏற்றம், காற்று முகத்தில். ஆடியில் மத்தியான வெயிலில் மேற்கே திரும்பினால் யாருக்கும் கால் பிடிக்கும். அது உங்கள் குறையில்லை.

மேடு குறைந்த வழி கேட்கிறீர்கள். தண்ணீர் போகும் திசையிலேயே, இரண்டு ஓடைகளுக்கு நடுவிலுள்ள முதுகின் மேல் போகும் சாலையில் மேடு குறைவு. தண்ணீருக்குக் குறுக்கே போகும் சாலையில் ஓடைக்கு ஓடை இறங்கி ஏற வேண்டும். எங்கள் பக்கம் ஒரு கண்மாய் நிறைந்து, மிச்சத் தண்ணீர் வெளியேறுகிற கலிங்கு வழிந்தால் அது ஓடையாகி அடுத்த கண்மாய்க்குப் போகும். அது நிறைந்தால் அதற்கடுத்தது. நீங்கள் இறங்கின பள்ளம் ஒவ்வொன்றும் ஒரு வரத்து வாய்க்கால் அல்லது கலிங்கு ஓடை. அடியில் தரைப்பாலம் இருக்கும். மழைக்குப் பிறகு அதில் மணல் கிடக்கும், பிரேக்கைப் பாலத்துக்கு முன்பே பிடியுங்கள். ஏறின மேடு ஒவ்வொன்றும் ஒரு கண்மாயின் தண்ணீரை இன்னொன்றிலிருந்து பிரிக்கிற முதுகு. உங்கள் கைபேசி வழியின் ஏற்ற இறக்கமாகக் காட்டுகிற அந்த ரம்பப்பல் படம் எங்கள் ஊர்த் தண்ணீர்க் கணக்கு, தம்பி. மேடு வேண்டாமென்றால் கண்மாயும் வேண்டாம் என்று ஆகிறது.

என் அம்மாவுக்கு அந்த மேடுகள் ஒவ்வொன்றுக்கும் பெயர் தெரியும்.

1992-இல் எனக்குப் பதினொரு வயது. குரங்குப் பெடல் போட்டு ஊரைச் சுற்றிக்கொண்டிருந்தேன். அறிவொளி இயக்கம் ஊருக்குள் வந்த காலம். ஷீலா ராணி சுங்கத் கலெக்டர். எழுத்துக் கற்றுக்கொடுத்ததோடு பெண்களுக்கு சைக்கிளும் கற்றுக்கொடுக்கச் செய்தார்கள். ஆயிரக்கணக்கான பெண்கள் ஏறினார்கள். குடுமியான்மலைக் கல்குவாரிகளில் வேலை செய்த பெண்களும் ஏறினார்கள், அம்மா அவர்களில் ஒருத்தி. சாயங்காலம் பள்ளிக்கூடத்து மைதானத்தில் வாடகை சைக்கிள். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு அம்மா ஏறுவாள், நான் கேரியரைப் பிடித்துக்கொண்டு ஓடுவேன். "விட்டுராதடி, விட்டுராதடி" என்று கத்துவாள். ஒரு நாள் நான் விட்டுவிட்டேன். மைதானத்துக் கடைசிவரை போய், திருப்பத் தெரியாமல் வேலிக்குள் விழுந்தாள். முழங்கை முழுக்க முள். அதைப் பிடுங்கும்போது அவள் அழுதது வலியில் இல்லை என்பது அந்த வயதிலேயே எனக்குத் தெரிந்தது.

லேடீஸ் சைக்கிள் கடைகளில் கிடைக்கவில்லை, அத்தனை பேர் வாங்கினார்கள். பார் வைத்த பழைய சைக்கிள் ஒன்றை அம்மா வாங்கினாள். அதுவே வசதியானது. பாரில் துண்டைச் சுற்றித் தம்பியை உட்காரவைப்பாள். கேரியருக்கு இரண்டு பக்கமும் குடம், ஒரே கயிற்றில். தண்ணீர் தளும்பாமலிருக்க இரண்டு குடத்து வாயிலும் வேப்பங்கொத்து. ஊருணியிலிருந்து வீட்டுக்கு வர இரண்டு மேடு. இரண்டிலும் இறங்குவாள். இடது கை ஹேண்டில்பாரில், வலது கை சீட்டுக்கடியில், உடம்பு முன்னால் சாய்ந்து, செருப்பில்லாத கால் தார் ரோட்டில் பதிய, தள்ளிக்கொண்டே வருவாள். வேப்பங்கொத்தையும் மீறிச் சிந்தின தண்ணீர் பின்னால் ரோட்டில் ஒரு கறுப்புக் கோடாக வரும், பார்த்திருக்கும்போதே காயும். மேட்டின் தலையில் நின்று முகத்தைத் துடைத்துக்கொண்டு கீழே கண்மாயைப் பார்ப்பாள். எவ்வளவு தண்ணீர் கிடக்கிறது, கலிங்கு எட்ட இன்னும் எவ்வளவு என்பதையெல்லாம் அங்கேயே சொல்லிவிடுவாள். பிறகு ஏறி உட்காருவாள். அந்த இறக்கத்தில் அவள் முகத்தைப் பார்த்திருக்க வேண்டும் நீங்கள்.

இதைத்தான் அவமானம் என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்குக் கோபம் வந்தது, மறைக்க மாட்டேன். பால் கேன் கட்டினவரும் புல்லுக்கட்டு வைத்தவரும் சினைக்குக் கத்துகிற ஆட்டைக் கேரியரில் கட்டிக்கொண்டு போனவரும் மேடு வந்தால் இறங்கத்தான் செய்தார்கள். சைக்கிள் இந்த நாட்டில் பாதி தூரம் ஓடியது, பாதி தூரம் தள்ளிக்கொண்டு போகப்பட்டது. தள்ளுவதும் சைக்கிள் ஓட்டுவதில் சேர்த்திதான்.

அப்புறம் அந்த இன்னொரு வரி. கிராமத்தில் யாரும் சைக்கிள் ஓட்டுவதில்லையா? நீங்கள் வருவது ஞாயிற்றுக்கிழமை, விடியற்காலையில். திங்கட்கிழமை எட்டரை மணிக்கு அன்னவாசலில் வந்து நில்லுங்கள். அரசாங்கம் கொடுத்த சைக்கிளில் பிளஸ் ஒன், பிளஸ் டூ பிள்ளைகள் மூன்று மூன்று பேராக ரோட்டை அடைத்துக்கொண்டு போவார்கள், பேச்சு நிற்காது. டிவிஎஸ் எக்ஸெல் வந்த பிறகு பெரியவர்கள் குறைந்துவிட்டது உண்மைதான். அதற்காக ரோடு உங்களுடையது ஆகிவிடாது. தை, மாசியில் அதில் உளுந்தும் நெல்லும் காயும். காய்கிற உளுந்தின் மேல் டயரை ஏற்றாதீர்கள், ஓரமாக இறங்கி நடந்து போங்கள்.

வழி கேட்டீர்களே. திருச்சியிலிருந்து கீரனூர், நார்த்தாமலை. பெரிய சாலையை விட்டு உள்ளே திரும்பிச் சித்தன்னவாசல், அன்னவாசல், குடுமியான்மலை, அங்கிருந்து புதுக்கோட்டை. தெம்பிருந்தால் கவிநாட்டுக் கண்மாயைப் பார்த்துக்கொண்டு திருமயம் கோட்டைவரை. ஆடியில் வேண்டாம், பொங்கல் முடிந்து வாருங்கள். ஐப்பசி, கார்த்திகை மழை பெய்திருந்தால் கண்மாய்களில் தண்ணீர் கிடக்கும். சித்தன்னவாசல் குகைக்கோயிலுக்குள் போய் அண்ணாந்து பாருங்கள். கூரையில் ஒரு தாமரைக்குளம். மீன், வாத்து, யானை, எருமை, பூப்பறிக்கிற ஆட்கள். ஆயிரம் வருடத்துக்கு மேலாகிவிட்டது. சுற்றிலும் வெறும் பாறை கிடக்கிற இடத்தில், உச்சியில் தண்ணீரை வரைந்து வைத்திருக்கிறார்கள்.

உங்கள் கடிதத்தை அம்மாவுக்குப் படித்துக் காட்டினேன். வீடியோ சமாசாரமெல்லாம் அவள் காதில் ஏறவில்லை. "அந்தப் புள்ள எந்த மேட்டுல எறங்குச்சாம்? தரைப்பாலம் தாண்டி ஒண்ணு வருமே, அதுவா? இல்ல ஆலமரத்து மேடா?" என்று நேற்றிலிருந்து கேட்டுக்கொண்டிருக்கிறாள். பதில் எழுதும்போது அதை மறக்காமல் எழுதுங்கள்.

அன்புடன்,
அக்கா