லோகோவைத் தொடும் முன் அந்த ரோஸ் நோட்டீஸைப் பாருங்கள்

கேள்வி: ராயபுரத்தில் எங்கள் சங்கம் நடத்தும் சிறிய விளையாட்டு வரலாற்று அருங்காட்சியகத்துக்குப் புது லோகோ, போர்டு, டிக்கெட் செய்யப்போகிறோம். இப்போதைய லோகோவில் குத்துச்சண்டை க்ளவுஸ், கால்பந்து, கேரம் போர்டு மூன்றும் இருக்கின்றன. எதை எடுப்பது, டிசைனரிடம் என்ன சொல்வது? (பழைய பொருட்களின் போட்டோக்களை அனுப்பியிருக்கிறோம்.)

மூன்றையும் எடுத்துவிடுங்கள். கஷ்டமாகத்தான் இருக்கும், ஒன்றை விட்டால் அந்த ஆட்டக்காரர்கள் வருத்தப்படுவார்கள் என்றுதான் மூன்றையும் போட்டிருப்பீர்கள். ஆனால் க்ளவுஸும் பந்தும் விளையாட்டுச் சாமான் கடை போர்டிலும் இருக்கின்றன.

போட்டோக்களில் நான் ரொம்ப நேரம் பார்த்தது பழைய குத்துச்சண்டை நோட்டீஸைத்தான். வெளுத்த ரோஸ் தாள், கறுப்பு மை மட்டும், மோதும் இரண்டு பேரின் பெயர்களும் தடித்த அச்செழுத்தில் ஒரே அளவில், ‘சண்டை’யில் ணகரத்தின் புள்ளி மை ஏறி அடைந்துபோயிருக்கிறது. உங்கள் அடையாளம் இதுதான். கலர் தாள், ஒரே மை, தடித்த தமிழ் எழுத்து. குத்துச்சண்டைக்கு ரோஸ், கேரமுக்கு மஞ்சள், கால்பந்துக்குப் பச்சை என்று தாளை மட்டும் மாற்றுங்கள், லோகோ வெறும் எழுத்தாகவே இருக்கட்டும். சார்பட்டாவோ இடியப்ப நாயக்கரோ, ஒரு குத்துச்சண்டைப் பரம்பரையின் சின்னத்தைத் தலையில் தூக்கி வைத்தால் இன்னொரு பரம்பரையின் குடும்பத்தார் இது நம்ம இடமில்லை என்று நினைப்பார்கள். எழுத்தில் அந்தச் சிக்கலே வராது. டிக்கெட்டும் கலர் தாளில் ஒற்றை மை என்பதால் செலவு குறையும்.

போட்டோக்களுக்கும் இதே வழி. 2008-இல் உலக கேரம் சாம்பியனான வியாசர்பாடி இளவழகியின் கலர் படமும், 2024-இல் அமெரிக்காவில் உலக கேரம் போட்டியில் மூன்று தங்கம் வென்ற காசிமாவின் செல்போன் படமும், மங்கிப்போன பழைய பிரிண்டும் ஒரே சுவரில் வரும்போது மூன்றும் மூன்று இடத்துக் கதை மாதிரித் தெரியும். எல்லாவற்றையும் கறுப்பு மையில், அந்தந்த ஆட்டத்தின் கலர் தாளில் அடித்துப் பாருங்கள், ஒரே குடும்ப ஆல்பம் மாதிரி ஆகிவிடும்.

பெயர்தான் பெரிய வேலை. ‘விளையாட்டு வரலாற்று அருங்காட்சியகம்’ 19 எழுத்து, அதில் ஐந்து புள்ளி. டிக்கெட் அளவுக்குச் சுருக்கினால் புள்ளியெல்லாம் அடைந்து, படிக்கிறவர் திணறுவார். முழுப் பெயர் ரசீதிலும் வாசலிலும் இருக்கட்டும். லோகோவுக்கு ஏரியாவில் ஜனங்கள் உங்கள் இடத்தை என்ன சொல்லிக் கூப்பிடுகிறார்கள் என்று கேட்டு அதையே வையுங்கள். எழுத்தை ஓர் ஆர்ட்டிஸ்ட் கையால் வரைந்தால் நல்லது, இல்லையென்றால் பலூ தம்பி, காடமரன் போன்ற இலவச ஃபான்ட்களில் தொடங்கலாம், இவற்றின் உரிமம் லோகோவுக்குப் பயன்படுத்தவும் இடம் தருகிறது. தமிழை முதலில் முடியுங்கள், ஆங்கிலம் அதற்குத் துணையாக வரட்டும். மாற்றிச் செய்தால் தமிழ் எப்போதும் மூலையில் நசுங்கித்தான் நிற்கும்.

வெளிப் போர்டை ஃப்ளெக்ஸில் போடாதீர்கள். நம்ம வெயிலில் ரோஸ்தான் முதலில் வெளுக்கும், கடல் காற்றில் இரும்பு ஃப்ரேமும் துருப்பிடிக்கும். சுவரிலேயே பெயிண்டில் எழுதச் சொல்லுங்கள், மங்கினால் திரும்ப எழுதிக்கொள்ளலாம்.

டிசைனரிடம் ஒரு விஷயத்தை மறக்காமல் எழுதி வாங்குங்கள். 1957 காப்புரிமைச் (காப்பிரைட்) சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி உரிமையை எழுத்தில்தான் மாற்றித் தர முடியும்; காலம் குறிப்பிடவில்லை என்றால் ஐந்து வருடம், எல்லை குறிப்பிடவில்லை என்றால் இந்தியாவுக்குள் மட்டும் என்றே சட்டம் எடுத்துக்கொள்ளும். அதனால் லோகோவின் காப்புரிமை, அதன் முழுக் காலத்துக்கும் எல்லா நாடுகளுக்கும், சங்கத்துக்கே என்று இருவரும் கையெழுத்துப் போடுங்கள், அட்வான்ஸ் கொடுக்கும் அன்றைக்கே.