NBA கூடைப்பந்து அணியான லேக்கர்ஸுக்கு இந்தக் கோடையில் யார் தேவை? கேள்வி பதில், மே 2025

கேள்வி: 50 வெற்றி, மேற்குப் பிரிவில் மூன்றாம் இடம். அப்படியிருந்தும் சீசன் முடிந்து வரும் பிளேஆஃப் தொடரில் முதல் சுற்றிலேயே மினசோட்டாவிடம் 4-1 என்று தோற்றோமே, என்னதான் குறை அண்ணா?

பதில்: உயரம். ஐந்தாவது ஆட்டத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மினசோட்டா மூன்று புள்ளிக்கு 47 முறை எறிந்து 7 மட்டுமே போட்டது. அப்படி எறியும் அணி ஜெயிப்பது அபூர்வம். ஆனால் அவர்களின் சென்டர் (ரிங்குக்குப் பக்கத்தில் ஆடும் உயரமான ஆள்) ரூடி கோபேர் 27 புள்ளியும் 24 ரீபவுண்டும் (தவறிய எறிதலுக்குப் பின் பிடிக்கும் பந்து) எடுக்க, 103-96 என்று ஜெயித்தார்கள். தவறிய பந்தை அவரே திரும்பத் திரும்ப எடுத்துப் போட்டார். ரிங்குக்குக் கீழே அவரை மறித்து நிற்க நம்மிடம் ஆள் இல்லை. பிப்ரவரியில் உயரமான ஆன்டனி டேவிஸை டல்லாஸுக்குக் கொடுத்து, ஆட்டத்தை நடத்தும் லூக்கா டான்சிச்சை வாங்கினோமே, அன்றைக்கு விழுந்த பள்ளம் இது. அந்தப் பரிமாற்றம் சரியானதுதான், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. பள்ளத்தை மூடாமல் விட்டதுதான் வினையானது.

கேள்வி: சார்லட் அணியின் சென்டர் மார்க் வில்லியம்ஸை வாங்கினோமே?

பதில்: வாங்கிய சில நாளில், மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு ரத்து செய்துவிட்டார்கள். அதற்குள் சீசன் நடுவே வீரர்களைப் பரிமாறும் கெடுவும் முடிந்துவிட்டது. வேறு ஆள் பார்க்க வழியில்லை.

கேள்வி: நாலாவது ஆட்டத்தில் இரண்டாம் பாதி முழுக்க ஒரே ஐவரை ஆட வைத்தது பயிற்சியாளர் ரெடிக்கின் தவறுதானே?

பதில்: தவறுதான். 10 புள்ளி முன்னிலையோடு கடைசிப் பகுதிக்குள் போய் 116-113 என்று தோற்றோம். ஆனால் பெஞ்சில் நம்பி இறக்க ஆள் இருந்திருந்தால் அவரும் இறக்கியிருப்பார். அதனால்தான் சென்டருக்கு அடுத்து, மினசோட்டாவின் ஆன்டனி எட்வர்ட்ஸ் மாதிரி ஆட்களை விரட்டித் தடுக்கும் ஒரு விங் (ஓரத்தில் ஆடுபவர்) வேண்டும் என்கிறேன்.

கேள்வி: எப்படிப்பட்ட சென்டர்? பெயர் சொல்லுங்கள்.

பதில்: டான்சிச்சுக்குத் திரை போட்டுவிட்டு (அவரைத் தடுப்பவரை உடம்பால் மறித்துவிட்டு) ரிங்கை நோக்கி ஓடி, மேலே வரும் பந்தைப் பிடித்துப் போடுபவர். 2024-இல் டான்சிச்சோடு டல்லாஸ் இறுதிச் சுற்று வரை போனபோது அதன் சென்டர்கள் கேஃபோர்டும் லைவ்லியும் செய்தது அதைத்தான். என் முதல் தேர்வு கேஃபோர்ட். டல்லாஸ் விட மறுத்தால் புரூக்ளினின் நிக் கிளாக்ஸ்டன். ஒப்பந்தம் முடிகிறவர்களில் கிளின்ட் கபேலா. புரூக் லோப்பஸ் தூரத்திலிருந்தும் எறிவார், ஆனால் 37 வயதில் அவரை முழு நேரம் நம்ப முடியாது.

கேள்வி: பணம் இருக்கிறதா?

பதில்: நெருக்கடிதான். அடுத்த சீசன் சம்பள உச்சவரம்பு சுமார் 15.46 கோடி டாலர் என்கிறார்கள். லெப்ரான் 5.26 கோடிக்கான தன் விருப்ப ஆண்டை (தொடர்வதா என்று அவரே முடிவுசெய்யும் ஒப்பந்த ஆண்டு) ஏற்றால், டான்சிச்சின் 4.6 கோடியோடு சேர்த்து கிட்டத்தட்ட 10 கோடி அங்கேயே போய்விடும். கையில் மாற்றக்கூடிய முதல் சுற்று டிராஃப்ட் (புது வீரர்களைத் தேர்ந்தெடுக்கும் முறை) வாய்ப்பும் ஒன்றே ஒன்று. அப்புறம் ஹச்சிமுரா, வின்சென்ட், கிளீபர் ஆகியோரின் ஒரே ஆண்டு மிச்சமுள்ள ஒப்பந்தங்களை வைத்துத்தான் பேரம் பேச வேண்டும்.

கேள்வி: ஆஸ்டின் ரீவ்ஸைக் கொடுத்தால் நல்ல சென்டர் கிடைக்குமே அண்ணா?

பதில்: கிடைக்கும், ஆனால் கொடுக்காதீர்கள். 2021 டிராஃப்ட்டில் யாருமே எடுக்காத பையன், இன்று டான்சிச் ஓய்வெடுக்கும் நேரத்தில் ஆட்டத்தை நடத்துகிறார். அடுத்த சீசன் சம்பளம் 1.4 கோடியைக்கூடத் தொடவில்லை. அந்த விலைக்கு இப்படி ஒருவர் எங்கே கிடைப்பார்? அவரைக் கொடுத்தால் ஒரு பள்ளத்தை மூட இன்னொன்றைத் தோண்டியதாகும்.

கேள்வி: டான்சிச் நீடிப்பாரா?

பதில்: ஆகஸ்ட் 2 முதல் அவர் ஒப்பந்தத்தை நீட்டிக்கலாம். கையெழுத்து கேட்கப் போகும் முன் ஒரு சென்டரைப் பிடித்துவிட வேண்டும்.