டெலோமியரை நீட்டும் மாத்திரை வாங்கலாமா?

அப்பாவுக்கு 44 வயதில் குடல் புற்றுநோய் வந்திருக்கும்போது, இளமையாக இருக்க டெலோமரேஸை (டெலோமியரை நீட்டும் நொதி) தூண்டும் மாத்திரை எடுக்கலாமா என்று கேட்டிருந்தீர்கள். நானாக இருந்தால் வாங்க மாட்டேன். செல் பிரியப் பிரிய குரோமோசோம் முனையிலுள்ள காப்பு மூடியான டெலோமியர் தேயும்; மிகவும் தேய்ந்தால் செல் பிரிவதை நிறுத்திவிடும். ஆய்வகத்தில் மனிதச் செல்கள் சுமார் 50 முறை பிரிந்ததும் நின்றுவிடுவதை 1961இல் உயிரியலாளர் ஹேஃப்ளிக் காட்டினார். இப்படி நிற்பது மூப்பு மட்டுமல்ல, புற்றுநோய்க்கு எதிரான பிரேக்கும்கூட. அதை மிதிப்பதில் பி53 மரபணுவுக்குப் பெரும் பங்கு. புற்றுநோய்களில் 85–90 விழுக்காடு, டெலோமரேஸ் நொதியை மறுபடி முடுக்கிவிட்டுத்தான் ஓயாமல் பெருகுகின்றன. மாத்திரைக்காரர்கள் தூண்டுவதாகச் சொல்வதும் அதே நொதியைத்தான்! அப்புறம், 50 வயதுக்குள் வந்த குடல் புற்றுநோய் என்றால் லிஞ்ச் நோய்க்குறி (பரம்பரையாக வரும் புற்றுநோய் அபாயம்) இருக்கலாம். அந்தக் காசை மரபணுச் சோதனைக்கு வையுங்கள். முடிந்தால் அப்பாவிடமிருந்தே தொடங்குங்கள். கொலனோஸ்கோபி (கேமராக் குழாயால் பெருங்குடலைப் பார்க்கும் சோதனை) எப்போது செய்வது என்று மருத்துவரிடம் இப்போதே கேளுங்கள்.